ஏலக்காரர் கையில் தராசு: கிளிக் செலவு பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

கூகுள் தேடல் விளம்பரத்தில் கிளிக் செலவைக் குறைப்பது எப்படி என்று சொல்லித்தரும் பாடங்கள் தமிழில் இப்போது நிறைய வந்துவிட்டன. காணொளியாகவும் இருக்கின்றன, கட்டணப் பயிற்சியாகவும் இருக்கின்றன. எதை எடுத்துப் பார்த்தாலும் சாரம் ஒன்றுதான். கீவேர்டை நன்றாகத் தேர்ந்தெடு, விளம்பர வாசகத்தைத் திருத்து, தரமதிப்பெண்ணை ஏற்று, செலவு தானாக இறங்கும். இறங்கவில்லையா, உன் வேலையில் எங்கோ குறை இருக்கிறது. இவ்வளவுதான் பாடம்.

இந்தப் பாடம் முழுப்பொய் இல்லை. ஆனால் இதன் அடியில் யாரும் சோதித்துப் பார்க்காத ஒரு நம்பிக்கை கிடக்கிறது. "இது ஏலம்; விலையைப் போட்டியாளர்கள் வைக்கிறார்கள்; கூகுள் வெறுமனே மணி அடிக்கிறவர்." இதே நம்பிக்கைதான் 2018-ல் இந்தியப் போட்டி ஆணையம் கூகுள் மேல் பிறப்பித்த ஆணையிலும், விளம்பரம் பற்றிய பகுதியில், கேள்வி கேட்கப்படாமல் தப்பித்துப் போனது என்பது என் வாதம். அந்த வழக்கைத் தொடுத்தது ஒரு சென்னை நிறுவனம். அதனால் நமக்கு அதில் கூடுதல் உரிமையும் உண்டு, கூடுதல் வருத்தமும் உண்டு.

நான் வடகரைக்காரன். அதனால் உதாரணத்துக்கு வெளியூர் போகவில்லை. குற்றாலத்தில் இருபது அறை வைத்திருக்கும் ஒரு லாட்ஜ் போதும். லாட்ஜ் கற்பனை, அதன் கணக்கும் நான் போட்டது. மற்றவை நடந்தவை.

முதலில் ஏலம் எப்படி நடக்கிறது

1998-ல் கோடூ என்ற தேடல் தளம், கிளிக்குக்கு இவ்வளவு தருகிறேன் என்று விளம்பரதாரர்களைக் கேட்கவைத்து, அதிகம் கேட்டவரை மேலே காட்டியது. கேட்டதைக் கேட்டபடியே கட்ட வேண்டும். கூகுள் 2002-ல் இதை இரண்டு வகையில் மாற்றியது. ஒன்று, ஜெயித்தவர் தான் கேட்ட தொகையைக் கட்ட வேண்டாம், தனக்கு அடுத்தவரைத் தாண்டத் தேவையான தொகையைக் கட்டினால் போதும். இரண்டு, கேட்ட தொகையை மட்டும் பார்க்காமல் அந்த விளம்பரத்தை மக்கள் எவ்வளவு கிளிக் செய்வார்கள் என்ற மதிப்பீட்டையும் பெருக்கிப் பார்த்து வரிசை போடுவது.

கணக்காகச் சொன்னால் சீக்கிரம் புரியும். "குற்றாலம் ரூம்" என்ற தேடலுக்கு இரண்டு லாட்ஜ்கள் போட்டி போடுகின்றன. முதல் லாட்ஜ் 20 ரூபாய் கேட்கிறது. 100 பேர் பார்த்தால் 10 பேர் கிளிக் செய்வார்கள் என்பது கூகுளின் மதிப்பீடு. 20 பெருக்கல் 10, 200 புள்ளி. இரண்டாவது லாட்ஜ் 12 ரூபாய் கேட்கிறது, மதிப்பீடு 5 பேர். 60 புள்ளி. முதல் லாட்ஜ் மேலே வரும். கட்ட வேண்டியது, அந்த 60-ஐத் தாண்டத் தேவையான தொகை. 60 வகுத்தல் 10, சுமார் 6 ரூபாய். 20 கேட்டவர் 6 கட்டுகிறார். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது!

"உங்களுக்குத் தேவையான அளவு மட்டுமே கட்டுகிறீர்கள்" என்று பாடங்களில் சொல்வது இதைத்தான். இரண்டாம் விலை ஏலத்துக்குக் கோட்பாடு எழுதிய வில்லியம் விக்ரி 1996-ல் நோபல் பரிசு பெற்றவர். அவர் 1961-ல் காட்டிய ஏலத்தில், மனதில் உள்ள உண்மையான மதிப்பைச் சொல்வதே கேட்பவருக்கு நல்லது. கூகுள் ஏலமும் அப்படித்தான் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது சரியில்லை என்று எடெல்மன், ஆஸ்ட்ரோவ்ஸ்கி, ஷ்வார்ஸ் மூவரும் 2007-ல் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ இதழில் காட்டிவிட்டார்கள். பல இடங்களுக்கு ஒரே நேரத்தில் நடக்கும் இந்த ஏலத்தில் உள்ளதை உள்ளபடி சொல்வது எப்போதும் லாபமாக இருக்காது. முதலிடத்துக்குப் பதில் இரண்டாமிடத்தில் மலிவாக உட்கார்ந்துகொள்வது நல்லதாக இருக்கலாம். செலவை நிர்வகிப்பது ஒரு வேலையாக இருப்பதற்கே காரணம் இதுதான்.

தராசில் விரல்

மேலே போட்ட கணக்கில் மூன்று எண்கள் இருக்கின்றன. நான் கேட்ட தொகை, எதிராளி கேட்ட தொகை, கிளிக் மதிப்பீடு. முதல் இரண்டும் லாட்ஜ்காரர்கள் கையில். மூன்றாவது கூகுள் கையில். அந்த மூன்றாவதைக் கொஞ்சம் அசைத்துப் பார்ப்போம்.

இரண்டாவது லாட்ஜின் மதிப்பீட்டை 5-லிருந்து 8 ஆக்குங்கள். 12 பெருக்கல் 8, 96 புள்ளி. முதல் லாட்ஜ் இன்னும் 200-ல்தான் இருக்கிறது, இன்னும் முதலிடம்தான். ஆனால் இப்போது கட்ட வேண்டியது 9 ரூபாய் 60 காசு. 6 ரூபாய் 9.60 ஆகிவிட்டது. யாரும் ஒரு பைசா கூட்டிக் கேட்கவில்லை.

இதைக் காட்டேஜ் நடத்துகிற அண்ணாச்சி ஒருவரிடம் பேப்பரில் போட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டுக் கேட்டார்: "அப்பம் தம்பி, நானும் கூட்டிக் கேக்கல, எதுத்தாப்ல உள்ளவனும் கூட்டிக் கேக்கல. பொறவு ரேட்டு எப்படிக் கூடிச்சு?"

"ஏலம் விடுறவங்க கூட்டிட்டாங்க அண்ணாச்சி."

"அதுக்குப் பேரு ஏலமா?"

இது நான் கற்பனையில் உருவாக்கிய சூழ்ச்சி இல்லை. 2024 ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா, அமெரிக்க அரசு கூகுள் மேல் தொடுத்த வழக்கில் தந்த தீர்ப்பில், ஏலத்தில் இரண்டாவதாக நிற்பவரின் மதிப்பீட்டை உயர்த்தி ஜெயிப்பவரைக் கூடுதலாகக் கட்டவைக்கும் இந்த முறை விவரிக்கப்படுகிறது. 'ஸ்க்வாஷிங்' என்பது அதன் உள்பெயர். இன்னொன்றும் அதில் இருக்கிறது. மதிப்பில் நெருங்கி நிற்கும் விளம்பரங்களின் வரிசையை அவ்வப்போது குலுக்கல் மாதிரி மாற்றிப் போடுவது. மேலிடம் நிச்சயமாக வேண்டும் என்றால் அடுத்தவரைவிட நன்றாக விலகி நிற்கும் அளவுக்குக் கூட்டிக் கேட்க வேண்டும். கூகுளின் விளம்பரப் பிரிவுக்குத் தலைமை வகித்த ஜெர்ரி டிஷ்லர் 2023 செப்டம்பரில் சாட்சி சொல்லும்போது, ஏலத்தைச் சரிசெய்வதன் மூலம் விலையை 5 சதம் வரையும், சில தேடல்களில் 10 சதம் வரையும் உயர்த்தியிருக்கலாம் என்று ஒத்துக்கொண்டார். பொதுத் தேடலிலும், தேடல் எழுத்து விளம்பரத்திலும் கூகுளுக்கு முற்றுரிமை இருக்கிறது, எதிர்ப்போட்டி பற்றிய கவலை இல்லாமல் விளம்பர விலையை அதனால் ஏற்ற முடிந்தது என்பது நீதிபதியின் முடிவு.

கூகுள் பக்கமும் ஒரு நியாயம் சொல்ல வழியுண்டு. எப்போதும் ஒருவரே மேலே நின்றால் புதியவர் உள்ளே வர முடியாது. மதிப்பீட்டைச் சமன்செய்தால் சின்னவருக்கும் வாய்ப்பு. நல்ல விளம்பரத்துக்குச் சலுகை இருப்பதால் தேடுபவருக்கும் நல்லது. இதையெல்லாம் மறுக்கவில்லை. ஆனால் நம்ம ஊரில் மாந்தோப்புக் குத்தகையோ சீசன் கடையோ ஏலம் விட்டால் எல்லோர் முன்னாடியும் நின்றுதான் கேட்கிறார்கள். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். அங்கேயும் திருட்டுத்தனம் உண்டு. உள்கூட்டு சேர்ந்து குறைத்துக் கேட்பார்கள், ஆள்வைத்து ஏற்றிவிடுவார்கள். ஆனால் ஏற்றிவிட்டவன் யார் என்று சாயங்காலம் டீக்கடையில் தெரிந்துவிடும். கூகுள் ஏலத்தில் சாயங்காலம் வருவது ஒரு எண் மட்டும்தான்: சராசரி கிளிக் விலை. அது ஏன் கூடியது என்று அந்த எண் சொல்லாது. காரணம் தெரியாதபோது, பாடம் நடத்துகிறவர் சொன்னபடி பழியை நம்மேல் போட்டுக்கொள்கிறோம்.

பத்து சதம் பெரிய விஷயமா?

பெரிய நிறுவனத்துக்கு இல்லாமல் போகலாம். லாட்ஜுக்கு என்ன ஆகிறது என்று பார்ப்போம்.

அறை வாடகை 2,000 ரூபாய். பயணப் பதிவுத் தளம் வழியாக வந்தால் 20 சதம் கமிஷன் என்று வைத்துக்கொள்வோம், 400 ரூபாய். ஆக, விளம்பரம் வழியாக நேரடியாக வரும் ஒரு பதிவுக்கு 400 ரூபாய்க்குக் கீழே செலவானால்தான் லாபம். 40 கிளிக்குக்கு ஒரு பதிவு கிடைக்கிறது என்றால் ஒரு கிளிக்குக்கு 10 ரூபாய்தான் உச்சவரம்பு.

இந்த 10 ரூபாய் வரியும் சேர்த்து. விளம்பரத்துக்கு ஜிஎஸ்டி 18 சதம். 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு ஜிஎஸ்டி 5 சதமாகக் குறைந்தது. கூடவே உள்ளீட்டு வரி வரவும் நின்றது. விருந்தாளிக்கு நல்ல செய்தி. லாட்ஜ்காரர் விளம்பரத்துக்குக் கட்டும் 18 சதமோ இப்போது கழித்துக்கொள்ள முடியாத நேரடிச் செலவு. ஆகவே திரையில் தெரியும் கிளிக் விலை 8 ரூபாய் 47 காசைத் தாண்டக் கூடாது. விளம்பரப் பாடங்கள் இந்த வரியைக் கணக்கில் சேர்ப்பதை நான் அதிகம் பார்த்ததில்லை.

இப்போது அந்த 8.47 பத்து சதம் ஏறட்டும். 9.32 ஆகும். வரியோடு சுமார் 11 ரூபாய். 40 கிளிக்குக்கு 440 ரூபாய். பயணத் தளத்தைத் தவிர்க்கப் போய், அதைவிட 40 ரூபாய் கூடுதலாகக் கட்டியாயிற்று. அந்தப் பத்து சதத்தில்தான் முழு ஆதாயமும் இருந்தது. குற்றாலத்துச் சீசன் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை, அதுவும் சாரல் ஒழுங்காக விழுந்தால். ஆண்டு முழுக்கச் சோதித்துப் பார்த்து ஏலத்தைப் பழக இங்கே யாருக்கும் நேரம் கிடையாது.

சொந்தப் பெயருக்கு வாடகை

சென்னை நிறுவனத்தின் வழக்குக்கு வருகிறேன். பாரத் மேட்ரிமோனி, தமிழ் மேட்ரிமோனி தளங்களை நடத்தும் நிறுவனத்துக்கு அப்போது கன்சிம் இன்ஃபோ என்று பெயர். தங்கள் பெயரைத் தேடுகிறவர்களுக்குப் போட்டி வரன் தளங்களின் விளம்பரம் காட்டப்படுகிறது என்று 2009-ல் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். கூகுளோடு, ஷாதி, ஜீவன்சாத்தி முதலிய தளங்களை நடத்தியவர்களும் எதிர்த்தரப்பு. 2010 செப்டம்பர் 30 அன்று நீதிபதி வி. ராமசுப்பிரமணியன், கேட்ட இடைக்காலத் தடையைத் தரவில்லை. 'தமிழ்', 'மேட்ரிமோனி' போன்றவை சேவையை விவரிக்கும் பொதுச் சொற்கள், ஒருவர் மட்டும் பூட்டி வைத்துக்கொள்ள முடியாது என்பது முக்கியக் காரணம்.

சொல் பற்றிய அந்த வாதம் எனக்கு உடன்பாடுதான். குற்றாலத்தில் பாதி லாட்ஜுக்கு ஊர்ப் பெயரும் அருவிப் பெயரும் சேர்த்துத்தான் பெயர். 'அருவி' என்ற சொல்லுக்கு ஒருவர் பட்டா வாங்க முடியாது. ஆனால் பெயர் பற்றிய கேள்விக்குப் பின்னால் பணம் பற்றிய ஒரு கேள்வி நின்றுகொண்டிருந்தது. என் லாட்ஜின் பெயரை எழுத்துப் பிசகாமல் அடித்துத் தேடுகிறவர் ஏற்கெனவே என் வாடிக்கையாளர். அவர் போன வருஷம் வந்தவராக இருக்கலாம், இல்லை யாரோ சொல்லி வருகிறவராக இருக்கலாம். அந்த இடத்தில் என் போட்டியாளரையும் பயணத் தளத்தையும் ஏலம் கேட்க அனுமதித்தால், என் பெயருக்கு நானே கிளிக் கிளிக்காக வாடகை கட்ட வேண்டும்.

அது தேவையா என்று சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. ஈபே நிறுவனம் 2012-ல் சில தேடல் தளங்களில் தன் பெயருக்கான விளம்பரத்தை நிறுத்திப் பார்த்தது. பிளேக், நாஸ்கோ, டடேலிஸ் மூவரும் 2015-ல் எகனாமெட்ரிகா இதழில் அந்த முடிவை எழுதினார்கள். விளம்பரம் வழியாக வந்துகொண்டிருந்த வருகையில் 99.5 சதம், விளம்பரம் இல்லாமலே சாதாரணத் தேடல் முடிவு வழியாக வந்து சேர்ந்தது. அத்தனை நாளும் கட்டிய பணம் பெரும்பாலும் வீண். ஈபே உலகறிந்த பெயர், நம் லாட்ஜ் அப்படியில்லை. பெயரின் மேல் போட்டியாளர் உட்கார்ந்திருந்தால் கணக்கு மாறும். அதனால் இதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் சோதனை முறையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டு வாரம் சொந்தப் பெயர் விளம்பரத்தை நிறுத்துங்கள், போனில் வரும் பதிவு குறைகிறதா பாருங்கள். எந்தத் தரமதிப்பெண் பாடத்தையும்விட இது அதிகம் சொல்லித்தரும்.

"லாட்ஜ்காரங்க எல்லாரும் சேர்ந்து, ஒருத்தர் பேரை ஒருத்தர் கேக்கக் கூடாதுன்னு பேசி முடிச்சிட்டா என்ன?" என்று தோன்றும். தோன்ற வேண்டியதுதான், ஆனால் கவனம். அமெரிக்காவில் கான்டாக்ட் லென்ஸ் விற்கும் 1-800 கான்டாக்ட்ஸ் நிறுவனம் 14 போட்டியாளர்களோடு இப்படி ஒப்பந்தம் போட்டது. 2018-ல் அங்கத்திய வணிக ஆணையம் அதைச் சட்டவிரோதம் என்றது. 2021-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது. கெஸ் என்ற ஆடை நிறுவனம் தன் பெயரைத் தன் விற்பனையாளர்களே ஏலம் கேட்கக் கூடாது என்று தடுத்தது மற்ற தடைகளோடு சேர்ந்து குற்றமாக, ஐரோப்பிய ஆணையம் 2018 டிசம்பரில் ஏறக்குறைய 4 கோடி யூரோ அபராதம் போட்டது. கவனியுங்கள், விளம்பரதாரர்கள் சேர்ந்து விலையைக் குறைத்தால் அது போட்டிச் சட்டத்தின் கண்ணில் உடனே படுகிறது. ஏலம் நடத்துபவர் தனியாக நின்று விலையை ஏற்றினால் கண்ணில் பட இருபது வருஷம் ஆகிறது.

2018 ஆணை விட்டது என்ன

நீதிமன்றத்துக்குப் பிறகு அதே நிறுவனமும், கன்ஸ்யூமர் யூனிட்டி அண்ட் டிரஸ்ட் சொசைட்டி என்ற நுகர்வோர் அமைப்பும் போட்டி ஆணையத்திடம் போயின. 2012-ல் பதிவான இரண்டு வழக்குகளுக்கும் 2018 பிப்ரவரி 8 அன்று ஒரே ஆணை. கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம். பத்திரிகைகள் இந்த எண்ணைத்தான் தலைப்பாக்கின. பெரும்பான்மை 4-க்கு 2. இரண்டு உறுப்பினர்கள் மாறுபட்டார்கள்.

அபராதம் எதற்கு என்று பார்த்தால், தேடல் முடிவுப் பக்கத்தில் கூகுள் தன் சேவைகளுக்குக் கொடுத்த இடம், விமானத் தேடல் பெட்டி, பிற தளங்களோடு போட்ட தேடல் ஒப்பந்தங்கள். விளம்பர ஏலம், அதாவது ஆட்வேர்ட்ஸ் பற்றிய புகாரில் மீறல் இல்லை என்பது ஆணையத்தின் முடிவு. புகார்தாரருக்கு மிக நெருக்கமாகச் சுட்ட விஷயம் அதுதான், அது தள்ளப்பட்டது.

ஆணையத்தைக் குறை சொல்வதற்கு முன் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்க வழக்கில் வெளிவந்த உள் ஆவணங்கள் 2018-ல் பொதுவெளியில் இல்லை. இல்லாததை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. என் விமர்சனம் வேறு இடத்தில். பெயர் பற்றிய புகாரும் மதிப்பெண் பற்றிய புகாரும் ஆணையத்தின் முன் தனித்தனியாக நின்றன. பெயரை ஏலம் விடலாமா என்பது போட்டிக்கு நல்லதா கெட்டதா என்ற கேள்வி ஆனது. மதிப்பெண் என்பது வெளிப்படைத்தன்மை பற்றிய கேள்வி ஆனது. இரண்டையும் ஒன்றாக வைத்திருந்தால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி எளிமையானது: பெயரை ஏலத்துக்கு விடுகிறவரும், அந்த ஏலத்தில் விலையைத் தீர்மானிக்கும் மதிப்பெண்ணைப் போடுகிறவரும், வசூலிக்கிறவரும் ஒருவரே என்றால், விலை எங்கிருந்து வருகிறது? மதிப்பெண் மாறும்போது வரிசை மாறுகிறதா, விலை மட்டும் மாறுகிறதா? அதைக் கேட்பதற்கு உள் ஆவணம் வேண்டாம், இரண்டு லாட்ஜ் கணக்கு போதும்.

அதன்பின் டெல்லி உயர் நீதிமன்றம் கொஞ்சம் முன்னால் போனது. அகர்வால் பேக்கர்ஸ் பெயர் தொடர்பான டிஆர்எஸ் லாஜிஸ்டிக்ஸ் வழக்கில் 2023 ஆகஸ்ட் 10 அன்று, கூகுள் இதில் சும்மா வழிவிடுகிறவர் இல்லை, கீவேர்ட் பயன்பாட்டில் செயலூக்கமுள்ள பங்காளி என்றது. ஆனால் பெயரைக் கீவேர்டாக வைப்பது மட்டுமே வர்த்தகக்குறி மீறல் ஆகாது, குழப்பம் ஏற்பட வேண்டும் என்றும் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் மேக்மைட்ரிப் பெயரை புக்கிங் டாட் காம் கீவேர்டாக வைத்த வழக்கில் குழப்பம் இல்லை என்று முடிந்தது. வர்த்தகக்குறிச் சட்டத்தின் எல்லைக்குள் இரண்டும் சரியாக இருக்கலாம். குழப்பம் இருந்ததா என்று அந்தச் சட்டம் கேட்கும். விலை நியாயமா என்று கேட்கிற வேலை அதற்கு இல்லை. அது போட்டி ஆணையத்தின் வேலை, அந்த நாற்காலி 2018-லிருந்து காலியாக இருக்கிறது.

கையில் இருப்பது எது

அப்படியானால் லாட்ஜ்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டுமா? இல்லை. விலை நம் கையில் முழுதாக இல்லை என்று தெரிந்துகொண்டால், எது கையில் இருக்கிறது என்பது தெளிவாகும். எந்த ஏலத்துக்குப் போகக் கூடாது என்று தீர்மானிப்பது நம் கையில் இருக்கிறது.

பிராட் மேட்ச்சில் "குற்றாலம் ரூம்" என்று வைத்தால் "குற்றாலத்துல தண்ணி விழுதா", "ஐந்தருவியில் குளிக்கத் தடையா", "பார்டர் பரோட்டா கடை" என்று தேடுகிறவருக்கெல்லாம் விளம்பரம் போக இடமுண்டு. சீசனில் இந்த ஊரைப் பற்றி அதிகம் தேடப்படுவதே தண்ணீர் நிலவரம்தான் என்பது இங்குள்ள யாருக்கும் தெரியும். அவர் தண்ணீர் பார்க்க வந்தவர், அறை கேட்டு வந்தவர் இல்லை. தடை, நிலவரம், லைவ், பரோட்டா, வேலை, பஸ் நேரம் என்று ஒரு நெகட்டிவ் பட்டியல் முதல்நாளே போட வேண்டும். ஆங்கில எழுத்தில் அடித்தால் நம் குற்றாலமும் மயிலாடுதுறைப் பக்கத்துக் குத்தாலமும் ஒன்றாகக் கலந்துவிடும். அதையும் கவனிக்க வேண்டும். இருப்பிட செட்டிங்கில் ஊரில் இருப்பவரோடு, ஊர்மேல் ஆர்வம் காட்டுபவரும் சேர்ந்தே முன்கூட்டி டிக் ஆகியிருக்கும். லாட்ஜுக்கு ஆள் வெளியூரிலிருந்து வருவதால், தென்காசியைக் குறிவைப்பதைவிட மதுரை, திருவனந்தபுரம், கொல்லம் என்று புறப்படும் ஊரைக் குறிவைப்பது நல்லது.

பட்ஜெட்டிலும் ஒரு கண் வேண்டும். நாளுக்கு 500 ரூபாய் என்று போட்டால் அது ஒரு நாளைய வரம்பு கிடையாது. ஒரே நாளில் இரண்டு மடங்கு வரை செலவாகலாம்; மாதத்துக்கு 30.4 நாள் கணக்கில்தான் வரம்பு. சனி, ஞாயிறில் 1,000 போய்விட்டு வார நாளில் குறையலாம். அருவியில் தடை போட்ட நாளில் இது ரொம்பவே வலிக்கும். 2024 மே 17-ல் பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவன் இறந்துபோனான். அதையொட்டி அருவிகளில் குளிக்கத் தடை வந்தது. அந்த மாதிரி நாட்களில் எல்லோரும் குற்றாலத்தைத்தான் தேடுவார்கள், தங்க வருகிறவர் இருக்க மாட்டார். இயந்திரத்துக்கு அந்த வித்தியாசம் உடனே தெரியாது. ஊரில் இருக்கிறவருக்குத் தெரியும், விளம்பரத்தை அன்றைக்கு நிறுத்திவைக்க வேண்டும்.

ஆனால் மறுக்கும் உரிமையும் சுருங்கிக்கொண்டேதான் வருகிறது. எக்ஸாக்ட் மேட்ச் என்று வைத்தாலும் "பொருள் நெருங்கிய" தேடல்கள் உள்ளே வருகின்றன. வேண்டாம் என்று மொத்தமாகச் சொல்ல வழி கிடையாது. 2020 செப்டம்பரிலிருந்து, கணிசமானவர்கள் தேடிய சொற்களை மட்டுமே அறிக்கையில் காட்டுகிறார்கள். சின்ன லாட்ஜுக்கு வரும் தேடலில் பல சொற்கள் அபூர்வமானவை. ஆக, எந்தச் சொல்லுக்குக் காசு போனது என்பதே தெரியாத ஒரு பகுதி எப்போதும் இருக்கும். தெரியாத சொல்லை நெகட்டிவ் பட்டியலில் எப்படிப் போடுவது?

என்ன கேட்கலாம்

மேத்தாவின் பரிகார ஆணை 2025 செப்டம்பர் 2-ல் வந்தது. குரோம் உலாவியை விற்க வேண்டாம் என்றதுதான் செய்தியானது. விளம்பரதாரருக்கு அதில் ஒரு வரவும் இரண்டு இழப்பும் இருக்கின்றன. ஏலத்தில் முக்கியமான மாற்றம் செய்தால் அதைப் பொதுவில் அறிவிக்க வேண்டும் என்றது வரவு. எந்தத் தேடலுக்குக் காசு போனது என்ற முழு விவரமும் தர வேண்டும், நிஜமான எக்ஸாக்ட் மேட்ச் வேண்டும் என்று அரசுத் தரப்பு கேட்ட இரண்டும் கிடைக்கவில்லை. நான் தராசில் வைத்தால் கிடைத்ததைவிட மறுக்கப்பட்டதே கனம். ஏலவிதி மாறியது என்று அறிவிப்பு வந்தால் அதைப் படித்துப் புரிந்துகொள்ளப் பெரிய நிறுவனங்களுக்கு ஆள் இருக்கிறது. லாட்ஜ்காரருக்கு உதவுவது, காசு போன சொற்களின் முழுப்பட்டியல்.

அது அமெரிக்க நீதிமன்றத்தின் ஆணை, அமெரிக்கச் சந்தைக்கானது. இங்கே அதே மூன்றையும் கேட்கும் அதிகாரம் போட்டி ஆணையத்துக்கு இருக்கிறது, கேட்பதற்கான ஆதாரமும் இப்போது பொதுவெளியில் இருக்கிறது. 2012-ல் ஒரு சென்னை நிறுவனம் கொண்டுபோன புகாரின் தள்ளப்பட்ட பாதியை மறுபடி எடுத்துப் படிக்க இதைவிட நல்ல நேரம் வராது. வர்த்தகர் சங்கங்களும் விடுதி உரிமையாளர் சங்கங்களும் கேட்க வேண்டியது இதைத்தான். சேர்ந்து ஏலம் கேட்காமல் இருப்பதில் சட்டச் சிக்கல் உண்டு. சேர்ந்து பில் கேட்பதில் எந்தச் சிக்கலும் கிடையாது.

அதுவரைக்கும் ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, அருவி நிலவரம், செலவு, வரி, போனில் வந்த பதிவு, ஐந்தே பத்தி. சீசன் முடிந்ததும் மொத்தச் செலவைப் பதிவு எண்ணிக்கையால் வகுத்து, பயணத் தளத்தின் கமிஷனுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எது குறைவோ அதற்குப் போங்கள். உங்கள் தரமதிப்பெண் பத்துக்கு எத்தனை என்று யாராவது கேட்டால், நோட்டைக் காட்டுங்கள்.